கூவுற மைக்கும் பாராமெட்ரிக் ஈக்யூவும்: வலிக்கிற பல்லை மட்டும் பிடுங்குங்க

போன வருஷம் எங்க டிபார்ட்மென்ட் லேப் அசிஸ்டென்ட் அண்ணா ரிட்டயர் ஆனார். 30 வருஷத்துக்கு மேல சர்வீஸ். இப்போ எங்களுக்கு கிளாஸ் எடுக்கிற சிலரே அவர்கிட்ட சால்டரிங் கத்துக்கிட்டவங்க தான். வழியனுப்பு விழாவுக்கு ஆடிட்டோரியத்துல சவுண்ட் பார்த்தது நான்.

அண்ணா எப்பவுமே மெதுவா பேசுற ஆள். மேடையேறி, மைக்கை நெஞ்சுக்கு நேரா, வாயிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடிச்சுக்கிட்டு ஆரம்பிச்சார். பின்வரிசையில் இருந்து "கேக்கல... கேக்கல..."ன்னு சத்தம். நான் ஃபேடரை ஏத்தினேன். கொய்ய்ய்ங்! மொத்த ஹாலும் காதைப் பொத்திக்கிச்சு. பதற்றத்துல நான் கிராஃபிக் ஈக்வலைசர்ல 2 கிலோஹெர்ட்ஸ், 2.5, 3.15 மூணு ஸ்லைடரையும் அடிவரைக்கும் இழுத்தேன். கூவல் நின்னுடுச்சு. ஹீரோ மாதிரி நிமிர்ந்து பார்த்தேன்.

ஆனா அதுக்கப்புறம் அண்ணா பேசினது யாருக்கும் புரியல. சத்தம் வருது, வார்த்தை வரல. போர்வைக்குள்ள இருந்து பேசுற மாதிரி ஒரு முணுமுணுப்பு. கூட்டம் சலசலக்க ஆரம்பிச்சதும், எழுதிட்டு வந்த பேப்பரை மடிச்சு பாக்கெட்ல வச்சுட்டு, "போதும் தம்பி"ன்னு மைக்கை ஆங்கர் கையில் கொடுத்துட்டு உட்கார்ந்துட்டார். ஃப்ரெண்ட் ஒருத்தன் மொபைல்ல எடுத்த வீடியோ இன்னும் என்கிட்ட இருக்கு. "அந்தப் பழைய சி.ஆர்.ஓ. வந்த அன்னைக்கு..." வரைக்கும் புரியும். மீதியை எத்தனை தடவை ஹெட்போன் போட்டுக் கேட்டாலும் பிடிபடல.

அடுத்த மாசம் கல்ச்சுரல்ஸுக்கு வந்த சவுண்ட் சர்வீஸ் அண்ணன்கிட்ட இதைச் சொன்னேன். சிரிக்கல. "வலிச்சது ஒரு பல்லு. நீ ஏன் தம்பி வாய் பூரா பிடுங்கின?"ன்னு மட்டும் கேட்டார். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிக்கிட்ட பதில்.

நமக்குத் தெரிஞ்ச ஆசிலேட்டர் தான்

மைக் எடுக்கிற சத்தம் மிக்ஸர், ஆம்ப்ளிஃபையர் வழியா ஸ்பீக்கருக்குப் போகுது. ஸ்பீக்கர்ல வர்ற சத்தத்துல ஒரு பங்கு காத்துல திரும்பி மைக்குக்கே வருது. வட்டம் முழுசாச்சு. இதைப் படிச்சவுடனே ஈசிஇ மக்களுக்கு பார்க்ஹாசன் நிபந்தனை ஞாபகம் வரணும்: ஒரு சுத்து சுத்தி வரும்போது கெய்ன் 1-க்குக் குறையாம இருக்கணும், ஃபேஸ் 360 டிகிரியோட மடங்கா இருக்கணும். இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்தா ஆசிலேஷன். லேப்ல வீன் பிரிட்ஜ் ஆசிலேட்டரை எவ்வளவு கெஞ்சினாலும் ஆசிலேட் ஆகாது. ஆடிட்டோரியத்துல வேண்டாம்னு கும்பிட்டாலும் ஆகும். டென்மார்க் இயற்பியலாளர் சோரன் லார்சென் பேரால பிரெஞ்சுக்காரங்க இதை லார்சென் விளைவுன்னே சொல்றாங்க. நம்ம ஊர் சவுண்ட்காரங்க வாயில் இது ஹவுலிங்.

ஃபேஸ் நிபந்தனை நம்மைக் காப்பாத்தாது. ஸ்பீக்கருக்கும் மைக்குக்கும் 3.5 மீட்டர் தூரம்னு வைங்க. நம்ம ஊர் வெயில்ல, 30 டிகிரியில் ஒலியோட வேகம் நொடிக்கு சுமார் 349 மீட்டர். ஆக ஒரு சுத்துக்கு 10 மில்லிசெகண்ட். அப்படின்னா ஒவ்வொரு 100 ஹெர்ட்ஸுக்கும் ஒரு அதிர்வெண் ஃபேஸ் பொருந்தி வரிசையில் நிக்குது. சுவர்ல மோதி வர்ற எதிரொலிகளையும் சேர்த்தா இன்னும் ஏராளம். அதனால எது முதல்ல கூவும்னு முடிவு பண்றது கெய்ன் தான். மைக், ஸ்பீக்கர், அறை மூணும் சேர்ந்து எந்த இடத்துல மேடு போடுதோ, அது முந்திக்கும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. லூப் கெய்ன் 1-ஐ விட வெறும் 1 டிபி அதிகம்னா, ஒவ்வொரு 10 மில்லிசெகண்டுக்கும் சத்தம் 1 டிபி ஏறும். அரை நொடியில் 50 டிபி. ஃபேடர்ல இருந்து நம்ம கை நகர்றதுக்குள்ள ஏன் காது கிழியுதுன்னு இப்போ புரியுதா?

இதோட மறுபக்கம் தான் பலருக்குத் தெரியாது. கூவலைன்னா பிரச்சினை இல்லைன்னு நாம நினைக்கிறோம். லூப் கெய்ன் 1-க்கு 1 டிபி கீழே, அதாவது 0.89-ல இருக்குன்னு வைங்க. கூவாது. ஆனா அந்த அதிர்வெண் மட்டும் 1 ÷ (1 − 0.89), சுமார் 9 மடங்கு பெரிசாகும். அது 19 டிபி மேடு! மேலும் ஒவ்வொரு சுத்துக்கும் 1 டிபி தான் குறையுதுன்னா, 60 டிபி அடங்க 600 மில்லிசெகண்ட். ஒவ்வொரு வார்த்தைக்கும் பின்னாடி தகர டப்பாவில் தட்டின மாதிரி ஒரு வால் நீளும். 6 டிபி கீழே இறக்கினா கணக்கு 1 ÷ (1 − 0.5), வெறும் 2 மடங்கு, 6 டிபி மேடு. வாலும் 100 மில்லிசெகண்டுல அடங்கிடும். கூவுற எல்லையில் இருந்து 6 டிபி தள்ளி நில்லுன்னு சவுண்ட்காரங்க சொல்றது இதனால தான்.

குரூப் போட்டோ கணக்கு

நான் அன்னைக்குப் பண்ண தப்பு இங்க தான் இருக்கு.

எங்க ஹால்ல பிற்பாடு நிதானமா பார்த்தப்போ, முதல்ல கூவினது 2.8 கிலோஹெர்ட்ஸ். அதை அடக்கிட்டு ஃபேடரை இன்னும் சுமார் 1.5 டிபி ஏத்தினதும் 1.2 கிலோஹெர்ட்ஸ் கிளம்புச்சு. அதையும் அடக்கினா இன்னும் 1 டிபி மேல 630 ஹெர்ட்ஸ். அதாவது மேடுகளோட உயரம் கிட்டத்தட்ட ஒண்ணுக்கொண்ணு சமம். நான் 2.8-ஐ 12 டிபி வெட்டினதால கிடைச்ச லாபம் 12 இல்ல, அந்த 1.5 மட்டும் தான். மிச்சம் பத்து டிபி அண்ணாவோட குரல்ல இருந்து சும்மா போச்சு.

குரூப் போட்டோ எடுக்கும்போது முன்னாடி நிக்கிற உயரமானவனை உட்கார வைப்போம் இல்லையா? அவன் உட்கார்ந்தா போதும். அவனுக்குக் குழி தோண்டினாலும் பின்னாடி நிக்கிறவனுக்குக் கூடுதலா எதுவும் தெரியாது, அடுத்த உயரமானவன் தலை மறைக்கும். ஃபீட்பேக் வெட்டுறதும் இதே தான். அடுத்த மேட்டுக்குக் கொஞ்சம் கீழே போகுற அளவுக்கு வெட்டினா போதும். பெரும்பாலும் 3 டிபி, மிஞ்சினா 6.

அகலத்தையும் பாருங்க. 31 பேண்ட் கிராஃபிக்ல ஒவ்வொரு ஸ்லைடரும் மூணுல ஒரு பங்கு ஆக்டேவ். நான் இழுத்த மூணும் சேர்ந்தா ஒரு முழு ஆக்டேவ், சுமாரா 1.8-ல இருந்து 3.5 கிலோஹெர்ட்ஸ் வரை. இத்தனைக்கும் பிரச்சினை பண்ண 2.8, 2.5-க்கும் 3.15-க்கும் சரியா நடுவுல உட்கார்ந்திருந்துச்சு. அதுக்குன்னு ஸ்லைடரே கிடையாது. அதனால தான் பக்கத்துல இருந்த எல்லாத்தையும் இழுக்க வேண்டியதாச்சு.

அந்த ஆக்டேவ்ல என்ன இருக்கு? பாட்டு, பாத்து, பாக்கு. மூணையும் சொல்லிப் பாருங்க. உயிரெழுத்து ஒண்ணு தான். நடுவுல வர்ற ட்ட, த்த, க்க தான் வித்தியாசம். அந்த வித்தியாசத்தைக் காதுக்குச் சொல்ற ஆற்றல்ல பெரும்பங்கு 1.5-ல இருந்து 4 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் தான் இருக்கு. குரலோட பருமன் கீழே இருக்கிறதால சத்தம் கேட்கும், எந்த வார்த்தைன்னு மட்டும் தெரியாது. வீடியோவில் அண்ணா பேச்சு அப்படித் தான் இருக்கு.

மூணு குமிழ்

பாராமெட்ரிக் ஈக்யூ இதுக்கான கருவி. 1972-ல ஜார்ஜ் மாசன்பர்க் ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டி மாநாட்டுல இதைப் பத்திக் கட்டுரை கொடுத்தார், பேரும் அங்கிருந்து நிலைச்சது. ஒவ்வொரு பேண்டுக்கும் மூணு குமிழ்: எந்த அதிர்வெண், எத்தனை டிபி, எவ்வளவு அகலம். மூணும் ஒண்ணை ஒண்ணு பாதிக்காம தனித்தனியா திரும்பும். சின்ன அனலாக் மிக்ஸர்ல மிட்-ன்னு ஒரு குமிழும் பக்கத்துல அதிர்வெண் மாத்த இன்னொரு குமிழும் இருக்கும். அது பாதி பாராமெட்ரிக், அகலம் நம்ம கையில் இல்ல. இப்போ காலேஜ்களுக்கு வர்ற டிஜிட்டல் மிக்ஸர்கள்ல முழு பாராமெட்ரிக் ஒவ்வொரு சேனல்லயும் இருக்கு. நாம தான் திறந்து பார்க்கிறதில்ல.

அகலத்தைச் சொல்றது க்யூ. நடு அதிர்வெண்ணை அகலத்தால வகுத்தா வர்ற எண். ஆர்எல்சி சர்க்யூட்ல படிச்ச அதே க்யூ. ஒரு ஆக்டேவ் அகலம்னா க்யூ 1.4. கிராஃபிக் ஸ்லைடரோட மூணுல ஒரு பங்கு ஆக்டேவ்னா 4.3. நாம 2.8 கிலோஹெர்ட்ஸ்ல க்யூ 10 வச்சா அகலம் 280 ஹெர்ட்ஸ். நான் அன்னைக்குத் தோண்டின பள்ளம் 1,700 ஹெர்ட்ஸுக்கு மேல. 3 டிபி ஆழம், 280 ஹெர்ட்ஸ் அகலம்னா கேட்கிறவங்களுக்கு வெட்டு இருக்கிறதே தெரியாது.

அப்போ க்யூவை 50-க்கு ஏத்தி ஊசி மாதிரி வெட்டினா இன்னும் நல்லது தானேன்னு தோணும். எனக்கும் தோணுச்சு. மதியம் ஏசி ஓடுற காலி ஹால்ல 25 டிகிரியில் வெட்டி வச்சோம். சாயங்காலம் 600 பேர் உள்ளே வந்து 30 டிகிரி ஆச்சு. ஒலியோட வேகம் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.6 மீட்டர் கூடும், அதோட சேர்ந்து கூவுற அதிர்வெண்ணும் மேலே நகரும். 2.8 கிலோஹெர்ட்ஸ்ல அது ஏறக்குறைய 24 ஹெர்ட்ஸ். க்யூ 50-க்கு மொத்த அகலமே 56 தான். திருடன் பக்கத்து வாசலுக்கு மாறிட்டான், நம்ம பூட்டு பழைய வாசல்ல தொங்குது. பேசுறவர் மைக்கோட ரெண்டடி நகர்ந்தாலும் இதே கதை. அதனால 8-ல இருந்து 15-க்குள்ள வச்சுக்கிறது எனக்கு ஒத்து வருது.

ஈக்யூவைத் தொடுறதுக்கு முன்னாடி

பாராமெட்ரிக்கைப் பத்தி எழுதிட்டு இதைச் சொல்றது கஷ்டமா தான் இருக்கு. ஆனா அன்னைக்கு அண்ணாவுக்கு ஈக்யூ தேவையே இல்ல.

மைக் வாயிலிருந்து 30 சென்டிமீட்டர்ல இருந்துச்சு. தூரம் பாதியானா 6 டிபி கூடும். 30-ஐ 15 ஆக்கி, 15-ஐ ஏழரை ஆக்கியிருந்தா 12 டிபி. ஃபேடரைத் தொடாமலே. இன்னொண்ணு, மேடையில் ஆங்கர் மைக் ஒண்ணு, போடியம் மைக் இரண்டு, அண்ணா கையில் ஒண்ணு, மொத்தம் நாலும் திறந்தே கிடந்துச்சு. திறந்த மைக் எண்ணிக்கை இரட்டிப்பாகுற ஒவ்வொரு தடவையும் சுமார் 3 டிபி போகும். மத்த மூணையும் மியூட் பண்ணியிருந்தா 6 டிபி மிச்சம். இரண்டும் சேர்த்து 18. நாலைஞ்சு பேண்ட் வெட்டி ஒரு மணி நேரம் பாடுபட்டு நான் எடுத்தது மூணு, நாலு டிபி. யாராவது ஒருத்தர் எழுந்து போய், "அண்ணா, மைக்கை இப்படிக் கிட்ட வச்சுக்கோங்க"ன்னு கையைப் பிடிச்சுக் காட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். அந்த யாராவது நான் தான். கன்சோலை விட்டு எழுந்தா மானம் போயிடும்னு உட்கார்ந்திருந்தேன்.

மானிட்டர் ஸ்பீக்கர் வைக்கிற இடமும் முக்கியம். ஷூர் எஸ்எம்58 மாதிரி கார்டியாய்ட் மைக்குக்கு நேர் பின்பக்கம் தான் காது மந்தம், மானிட்டரை அங்க வைக்கணும். பீட்டா 58ஏ மாதிரி சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னாடி வச்சா தப்பு, அதுக்கு மந்தமான கோணம் 126 டிகிரி பக்கம், அதாவது பின்னாடி கொஞ்சம் பக்கவாட்டுல. ராப் பாடுற நம்ம பசங்க மைக் தலையை உள்ளங்கையால மூடிப் பிடிச்சா இந்தக் கணக்கெல்லாம் காலி. பின்பக்கத் துவாரம் அடைபட்டு மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பிச்சிடும். அவங்ககிட்ட ஸ்டைலா இருக்குன்னு பாராட்டிட்டு, கையைக் கீழே இறக்கச் சொல்லுங்க.

ரிங் அவுட் பண்றது எப்படி

ஹால் காலியா இருக்கும்போது பண்ணுங்க. காலி ஹால்ல எதிரொலி அதிகம், அங்க அடங்கினது கூட்டம் வந்ததும் பெரும்பாலும் அடங்கியே இருக்கும். பேச்சு மைக் எல்லாத்துக்கும் ஹை-பாஸ் ஃபில்டரை 100, 120 ஹெர்ட்ஸ்ல போட்டுடுங்க. குரல் பளிச்னு இருக்கட்டும்னு ஏற்கெனவே 3 கிலோஹெர்ட்ஸ்ல யாராவது ஏத்தி வச்சிருந்தா முதல்ல அதை இறக்குங்க. ஒரு கையால ஏத்தி மறு கையால வெட்டுற கூத்தை நான் நிறைய பார்த்திருக்கேன்.

முதல்ல மானிட்டரை மியூட் பண்ணிட்டு மெயின் ஸ்பீக்கரை மட்டும் பாருங்க, அது முடிஞ்சதும் மானிட்டர். ஒருத்தர் மேடையில் நின்னு சாதாரணமா பேசட்டும். ஃபேடரை மெதுவா ஏத்துங்க. முழுசா கூவுற வரைக்கும் போகாதீங்க, காதுக்கும் ஸ்பீக்கர் ஹார்னுக்கும் கேடு. பேச்சை நிறுத்தினதும் ஒரு வால் நீளும் இல்லையா, அங்க நில்லுங்க. மிக்ஸர்ல ஆர்டிஏ இருந்தா திரையில் எல்லாம் விழுந்த பிறகும் ஒரு ஊசி மட்டும் நிக்கும். இல்லைன்னா ஆண்ட்ராய்டு மொபைல்ல ஸ்பெக்ட்ராய்ட் ஆப் போதும். அந்த எண்ணில் ஒரு பேண்ட், க்யூ 10, மைனஸ் 3. மறுபடி ஏத்துங்க. அடுத்தது வரும், அதுக்கு இன்னொரு பேண்ட்.

ஆர்டிஏ எதுவுமே இல்லாத இடத்துல சிலர் ஒரு பேண்டை ஏத்தி வச்சு, அதை இப்படியும் அப்படியும் நகர்த்தி எங்க அலறுதுன்னு தேடுவாங்க. ஸ்டுடியோவில் சரி, நேரடி மேடையில் வேண்டாம். தலைகீழா பண்ணுங்க: மைனஸ் 6 வச்சு நகர்த்துங்க, வால் எங்க அடங்குதோ அது தான் இடம்.

சில சமயம் 2.8-ல வெட்டினதும் 2.9-ல முளைக்கும். புது எதிரி வந்துட்டான்னு இன்னொரு பேண்ட் எடுக்காதீங்க. வெட்டுற ஃபில்டர் தன் பக்கவாட்டுல ஃபேஸையும் திருப்பும், அதனால லூப் வசதியான பக்கத்து இடத்துக்கு நகர்ந்திருக்கும். அதே பேண்டோட க்யூவைக் கொஞ்சம் குறைச்சாலோ, நடுவை லேசா தள்ளினாலோ போதும்.

எங்க நிறுத்தணும்? இரண்டு, மூணு அதிர்வெண் ஒரே நேரத்துல கிளம்ப ஆரம்பிச்சா நிறுத்திடுங்க. எனக்கு அது நாலாவது பேண்டுக்கு அப்புறம் வந்துடும். மேடுகள் எல்லாம் சமமாயிடுச்சு, இனிமே வெட்டுறது எல்லாம் ஃபேடரை இறக்குறதுக்குச் சமம். அங்கிருந்து 6 டிபி இறக்குங்க, அது தான் விழாவுக்கான லெவல். கடைசியா ஈக்யூவை ஆன், ஆஃப் பண்ணி யாராவது பேசுறதைக் கேளுங்க. குரல் மாறித் தெரிஞ்சா எங்கேயோ அதிகமா வெட்டியிருக்கீங்க.

எல்லா மைக்கும் ஒரே இடத்துல கூவினா அது ஸ்பீக்கரும் அறையும் பண்ற வேலை, மெயின் அல்லது மானிட்டர் அவுட்புட்ல வெட்டுங்க. ஒரு மைக் மட்டும் கூவினா அந்தச் சேனல்ல மட்டும் வெட்டுங்க, மத்தவங்க குரலை ஏன் தொடணும்?

இந்த வருஷம் தமிழ் மன்ற விழாவுல ஒரு ஃபர்ஸ்ட் இயர் பொண்ணு கவிதை வாசிச்சாங்க. அண்ணாவை விட மெல்லிய குரல். பேர் கூப்பிட்டதும் நான் கன்சோலை ஜூனியர்கிட்ட விட்டுட்டு மேடைக்குப் போய் ஸ்டாண்டை அவங்க உயரத்துக்கு இறக்கி, ஒரு சாண் தூரத்துல மைக்கை வச்சுட்டு வந்தேன். மத்த மைக் எல்லாம் மியூட். மெயின்ல நாலு சின்ன வெட்டு. "கேக்கல"ன்னு யாரும் கத்தல. நாலு நிமிஷக் கவிதை, நடுவுல ஒரு இடத்துல ஹால் சிரிச்சுது. கடைசி வரிசை உட்பட.

அந்த நாலு வெட்டும் ஆடிட்டோரியம் மிக்ஸர்ல மெயின் ஈக்யூ ப்ரீசெட்டா சேவ் ஆகியிருக்கு. ஜூனியர்ஸ் எடுத்துக்கலாம். ஒண்ணு மட்டும்: லீவ்ல மேடைக்குப் பின்னாடி இருந்த கனமான திரையைக் கழட்டிட்டாங்க. அதனால 630-ம் 1.2-ம் இப்போ வேற இடத்துல இருக்கலாம். ஒரு அரை மணி நேரம் முன்னாடி போய் புதுசா எடுத்துடுங்க.